ஹீட்டர் படுத்துக்கொள்வது ஏன்?

தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பத்தின் குளியலறைச் சுவரில், கைக்கு எட்டாத உயரத்தில், 10, 15 அல்லது 25 லிட்டர் கொள்ளளவுடன் தொங்கும் மின்சார வெந்நீர்க் கலத்தைச் சிலர் ஹீட்டர் என்றும் சிலர் கீசர் என்றும் அழைப்பர். சித்திரை, வைகாசியில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரே தலையில் ஊற்ற முடியாத சூட்டில் வருவதால், அப்படி ஒன்று அங்கே தொங்குகிறது என்ற நினைவுகூட வீட்டாருக்கு இருப்பதில்லை. மார்கழி விடியலில் அது படுத்துக்கொண்ட பிறகுதான் குடும்பம் முழுவதும் அதன் கீழே திரண்டு நின்று அண்ணாந்து பார்க்கிறது. இவ்வாறு அண்ணாந்து பார்த்தலே முதல் சிகிச்சை முறையாகும். இதனால் எந்த ஹீட்டரும் குணமானதாகச் செய்தி இல்லை.

அடுத்து நடப்பது நோய்நாடல். குடும்பத் தலைவர் காரணத்தை விட்டுவிட்டுக் குற்றவாளியைத் தேடுவார், "ராத்திரி பூரா ஆன்லயே விட்டது யாரு?" என்ற கேள்வியில் தொடங்கும் அவருடைய விசாரணை அதே கேள்வியிலேயே முடியும். கல்லூரியில் படிக்கும் மகன், எதையும் அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்ற கொள்கையுடையவனாதலால், விரல் வலிக்கும்வரை ஸ்விட்சைப் போட்டுப் போட்டு அணைப்பான். பாட்டியார் வரலாற்று நோக்கில் பேசுவார். நடுக்குழாயில் கரி போட்டு மூட்டிய செப்புப் பாய்லர் காலத்தில் இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது என்பார். அந்தப் பாய்லரைப் புளி போட்டுத் தேய்த்த கைவலியை அப்போது மறந்திருப்பார். இத்தனை பேரும் தவறவிடும் உண்மை ஒன்றுண்டு. ஹீட்டர் திடீரென்று படுப்பது அரிது. பெரும்பாலும் அது படுப்பதற்கு நெடுநாள் முன்பிருந்தே சத்தத்தாலும் சொட்டாலும் வாடையாலும் தன் நிலையை அறிவித்துக்கொண்டுதான் இருக்கிறது.

அந்த அறிவிப்புகளைப் புரிந்துகொள்ள உள்ளுறுப்புகள் சிலவற்றை அறிந்திருத்தல் வேண்டும். தொட்டிக்குள் நீண்டிருக்கும் வளைந்த உலோகக் குழல்தான் காயில். அதனுள் ஓடும் நிக்ரோம் கம்பி மின்சாரத்தால் சூடேற, கம்பியைச் சுற்றித் திணித்துள்ள மெக்னீசியம் ஆக்சைடு தூள் சூட்டை வெளியே விட்டு மின்சாரத்தை உள்ளேயே நிறுத்திக்கொள்கிறது. தெர்மோஸ்டாட் என்பது குறித்த சூடு வந்ததும் மின்சாரத்தைத் துண்டித்து, ஆறியதும் மீண்டும் இணைக்கும் ஸ்விட்ச். அது ஒட்டிக்கொண்டு துண்டிக்காமல் போனால் அதன் வேலையைத் தன் கையில் எடுத்துக்கொள்வது கட்-அவுட். இது பெரும்பாலும் தானாக மீளாது, மூடியைக் கழற்றி உள்ளிருக்கும் சிறு பொத்தானை அமுக்கினால்தான் மீளும்.

பெரும்பாலான மாடல்களில் சிவப்பு விளக்கு எரிவதும் காயில் சூடேறுவதும் ஒரே இணைப்பிலிருந்துதான். ஆகவே விளக்கு எரிந்தும் தண்ணீர் சில்லென்றே வந்தால், மின்சாரம் காயில்வரை வந்துவிட்டது, காயில்தான் அறுந்துவிட்டது என்று கொள்ளலாம். அதற்கு ஒட்டுப்போடும் வழி கிடையாது, புதிதுதான் போட வேண்டும். விளக்கே எரியாவிடில் எம்.சி.பி., பிளக், தெர்மோஸ்டாட், கட்-அவுட் என்ற வரிசையில் தேட வேண்டும். 2000 வாட் ஹீட்டர் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்பியர் சாக்கெட்டில் கன்வெர்ஷன் பிளக் வைத்துச் செருகும் சிக்கனக்காரர், கறுத்த பின்களையும் இளகிய சாக்கெட்டையும் பார்த்துவிட்டுக் கம்பெனியைத் திட்டுவது வழக்கம். பொத்தானை அமுக்கியதும் வெந்நீர் வந்துவிட்டால் நோய் தீர்ந்ததாகக் கொள்ளலாகாது. கட்-அவுட் விழுந்ததற்குத் தெர்மோஸ்டாட்டின் கோளாறு காரணமா என்று பார்த்தாக வேண்டும். இவ்விடத்தில்தான் சில மெக்கானிக்குகள், "டைரக்டா குடுத்துட்டேன் சார், இனிமே பிரச்சினையே வராது" என்பார்கள். டைரக்ட் கொடுத்தல் என்பது தெர்மோஸ்டாட்டையும் கட்-அவுட்டையும் விலக்கிவிட்டுக் காயிலுக்கு நேராக மின்சாரம் தருவது; பிரச்சினை வரும்போது அந்த மெக்கானிக் பக்கத்தில் இருக்க மாட்டார், குளிப்பவர்தான் இருப்பார்.

நோய்களில் தலையாயது உப்பு. போர்த் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட்டு சூடேறும்போது கரையாத கார்பனேட்டாக மாறி, சூடு மிகுந்த இடமான காயிலின் மேலேயே படிகிறது. குடிநீரின் மொத்தக் கடினத்தன்மைக்கு இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்ற ஏற்கத்தக்க அளவையும், வேறு நீர் கிடைக்காவிடில் 600 மில்லிகிராம் வரை என்ற சலுகையையும் வகுத்துள்ளது. சில போர்கள் இந்தச் சலுகையையும் தாண்டியே நீர் தருகின்றன. சில ஆண்டுகள் திறக்கப்படாத ஹீட்டரின் போல்டுகளைக் கழற்றிக் காயிலை வெளியே இழுக்கும் காட்சியை வீட்டார் ஒரு முறையேனும் பார்க்க வேண்டும். விரல் தடிமன் இருந்த குழல், கைமுறுக்கைப் போல வெண்சாம்பல் நிறத்தில் உருண்டு திரண்டு, வந்த வழியே வெளியேற முடியாமல் வாயில் சிக்கி நிற்கும். தட்டினால் ஓடு ஓடாகப் பெயர்ந்து பக்கெட்டில் விழும். தொட்டியின் அடியிலிருந்து சேறு போன்ற வெண்குழம்பு வடியும். பாத்திரம் தேய்க்கக்கூட நுரை வராத தண்ணீருக்குக் காயிலிடம் மட்டும் தனி மரியாதை இருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

இந்தப் படிவு சூட்டை எளிதில் கடத்தாது. எனவே உள்ளே காயில் கொதித்துக்கொண்டிருக்க, வெளியே தண்ணீர் வெதுவெதுப்பதற்கே நேரம் பிடிக்கும், படிவுக்கு அடியில் சிக்கிய நீர் ஆவியாகி வெடிப்பதால் கடகடவென்ற சத்தம் எழும், மின்கட்டணம் ஏறும், முடிவில் தன் சூடு தனக்கே தாங்காமல் காயில் அறுந்துபோகும். உப்பெடுத்தல் என்பது மின்சாரத்தை அணைத்து, நீரை வடித்து, காயிலைக் கழற்றி, வினிகரிலோ சிட்ரிக் அமிலக் கரைசலிலோ ஊறவைத்துக் கழுவுதலாகும். ஸ்க்ரூடிரைவரால் சுரண்டுதல் விரைவில் முடியும் வேலைதான். குழல் கீறப்பட்டுக் காயிலின் ஆயுளும் அவ்வளவு விரைவிலேயே முடியும்.

எல்லாக் குறையும் நோயன்று. சில வெறும் கணக்கு. 25 டிகிரியில் உள்ள 15 லிட்டர் நீரை 60 டிகிரிக்கு ஏற்ற 2000 வாட் ஹீட்டருக்குச் சுமார் 18 நிமிடம் வேண்டும். அந்த வெந்நீரில் தண்ணீர் விளாவி 40 டிகிரிக்குக் கொண்டுவந்தால் கிடைப்பது 35 லிட்டர் அளவு, அதாவது இரண்டு பக்கெட்டுக்குச் சற்றுக் குறைவு. ஆகவே மூன்றாவதாகக் குளிக்கச் செல்பவர் "ஹீட்டர் ரிப்பேர்" என்று அறிவிப்பது, முதலாவதாகக் குளித்தவர் பாட்டுப் பாடிக்கொண்டு ஷவரில் நின்ற நேரத்தைக் கணக்கில் கொள்ளாத முடிபாகும். மின்னழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து 180 வோல்ட்டுக்கு இறங்கினாலோ, சூடேற்றும் திறன் வோல்ட்டின் இருமடிக்கு ஏற்பக் குறைவதால், அதே 18 நிமிட வேலைக்கு ஏறத்தாழ அரைமணி ஆகும். குழாயில் வெந்நீர் நூலாக வருவதும் இத்தகையதே. தொட்டிக்கு நேர் கீழே உள்ள மேல்மாடி வீட்டில் நீரின் அழுத்தமே குறைவு, அங்கே ஹீட்டரைக் குறைசொல்வதில் நியாயமில்லை. பச்சைத் தண்ணீர் வேகமாக வந்து வெந்நீர் மட்டும் நூலாக வந்தால்தான் இன்லெட் குழாயிலும் வால்விலும் உப்படைப்பைத் தேட வேண்டும்.

அடுத்தது சொட்டு. சூடேறும் நீர் விரியும். 25 லிட்டர் தொட்டி முழுதும் சூடேறினால் ஏறக்குறைய ஒரு லிட்டரில் மூன்றில் ஒரு பங்கு மிகும். திரும்பிப் போகும் வழி அடைபட்டிருந்தால் மிகுந்த அழுத்தத்தை வெளியேற்றுவது பாதுகாப்பு வால்வின் கடமை; சூடேறும்போது அது சற்றே சொட்டுவது உடல்நலத்தின் அடையாளம். இதைப் பொறுக்காத வீட்டுக்காரர் ஒருவகையினர், கடையில் எம்-சீல் வாங்கிவந்து வால்வின் வாயைப் பூசி அடைத்துவிட்டுத் தம் கைத்திறனை வருவோரிடமெல்லாம் காட்டுவர். சொட்டு நின்றது மெய்தான். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொள்ளும் நாளில் தொட்டியே வெடிக்கக்கூடும் என்பதும் மெய்தான். சூடேறாதபோதும் ஓயாமல் சொட்டினால் வால்வை மாற்ற வேண்டும். வால்விலிருந்து அல்லாமல் தொட்டியின் உடலிலிருந்தே கசிந்தால் ஹீட்டரையே மாற்ற வேண்டும்.

துருநிற நீரும் அழுகிய முட்டை வாடையும் மெக்னீசியத் தண்டோடு தொடர்புடையவை. தொட்டியின் இரும்பு துருப்பிடிக்காதிருக்கத் தான் கரைந்து தொட்டியைக் காப்பதற்கென்றே உள்ளே ஒரு தண்டு வைத்திருக்கிறார்கள். தியாகம் செய்வதையே தொழிலாகக் கொண்ட இந்த உறுப்பின் பெயரைக்கூடப் பெரும்பாலான வீட்டார் கேள்விப்பட்டதில்லை. தண்டு முழுதும் கரைந்தபின் துரு தொட்டிமேல் திரும்புகிறது, நீர் செந்நிறமாகிறது. நீரில் சல்ஃபேட்டும் அதை உண்ணும் பாக்டீரியாவும் இருந்தால் தண்டின் துணையோடு ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகி வாடை எழும்; அப்போது பழைய நீரை முழுதும் வடித்து, தெர்மோஸ்டாட்டை 60 டிகிரிக்கு மேல் வைத்துச் சூடேற்றினால் பெரும்பாலும் அடங்கும்.

நகைப்புக்கு இடமில்லாத அறிகுறிகள் இரண்டு. குழாயைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிப்பது முதலாவது. காயிலின் குழல் வெடித்து மின்சாரம் நீரில் கசிகிறது, எர்த்தும் சரியில்லை என்பது அதன் பொருள். "லேசாத்தான் அடிக்குது, பழகிடுச்சு" என்பவர் உடனே மெயினை அணைத்து எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழும் ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் அதை முதலில் பொருத்த வேண்டும். ஸ்விட்சை அணைத்துவிட்டுக் குளி என்று தாய்மார்கள் கதவுக்கு வெளியே நின்று கத்துவதை விஞ்ஞானம் முழுமையாக ஆதரிக்கிறது. இரண்டாவது, கேஸ் ஹீட்டர் உள்ள குளியலறையில் தலைசுற்றல். 1868-இல் லண்டனில் பெஞ்சமின் வாடி மோகன் உருவாக்கிய கேஸ் வெந்நீர்க் கருவிக்குப் புகைபோக்கியே இல்லை. ஜன்னலை அடைத்துவிட்டுக் குளிப்பவர்கள் அந்தக் குறையை இன்றும் தம் செலவில் மீட்டெடுக்கிறார்கள். எரிவதற்குக் காற்று போதாதபோது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் கிடையாது. ஆகவே கருவியைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் வைப்பதே முறை.

மொத்தத்தில் ஹீட்டரின் நோய்களில் பாதி உப்பால் வருவன, மீதியில் பாதி அதைச் சரிசெய்தவர்களால் வருவன. உப்புத் தண்ணீர் உள்ள ஊர்களில் ஆண்டுக்கு ஒரு முறை மெயினை அணைத்து, ஹீட்டரைத் திறந்து, உப்பெடுத்து, மெக்னீசியத் தண்டையும் வால்வையும் பார்த்துவிட வேண்டும். அதற்கு ஏற்ற மாதம் புரட்டாசி. மார்கழியில் எந்த எலக்ட்ரீஷியனும் போனை எடுக்க மாட்டார்.