ஒரு டெராபைட்டுக்கு எத்தனை டிவிடி?

கேள்வி: என் ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க் நிரம்பி வழிகிறது. அத்தனையையும் டிவிடியில் எழுதி வைக்க எத்தனை வட்டு வாங்க வேண்டும்?

பதில்: வகுத்துப் பார்த்தால் 213. ஒரு டெராபைட் ஆயிரம் ஜிபி; சாதாரண டிவிடி 4.7 ஜிபி கொள்ளும். அதே டிவிடியை உங்கள் கம்ப்யூட்டர் 4.38 என்று காட்டினால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறான், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. ஹார்டு டிஸ்க்கும் 931 ஆக இளைத்துவிடுவதால் விடை மாறாது.

ஆனால் 213-ஐ மட்டும் வாங்கி வந்தால் மறுபடி கடைக்கு நடக்க வேண்டியதுதான். விளிம்புவரை ஊற்றிக்கொள்ள கோப்பு என்ன தண்ணீரா? சேர்த்து வைத்திருப்பதெல்லாம் 2.5 ஜிபி சினிமாக்கள் என்றால் ஒரு வட்டில் ஒன்றுதான் உட்காரும். ஆக 400 வட்டு! பெரியவற்றை முதலில் போட்டு, மிஞ்சிய இடுக்கில் போட்டோக்களைச் செருகுங்கள். 25 ஜிபி ப்ளூ-ரே என்றால் சுமார் 40 போதும், எழுதும் டிரைவ் இருந்தால்.

வட்டுக்குப் பத்து நிமிடம் வைத்தாலும் 213-ஐ எழுதி முடிக்க முப்பத்தைந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். முதலில் அந்த ‘இனிய காலை வணக்கம்’ படங்களை அழியுங்கள், சுவாமி. நாலைந்து டிவிடியாவது மிச்சமாகும்.