வரையறை வேண்டுவோர்

செயற்கை நுண்ணறிவு ஆய்வைச் சூழ்ந்து வாழ்வோருள், கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் மிகுதியாகவும் ஏனைய இடங்களில் தனித்தனியாகவும் காணப்படும் ஒரு வகையினர் உளர். இயந்திரம் சிந்திக்குமா என்று யார் கேட்டாலும், ஆம் என்றோ இல்லை என்றோ கூறாமல், "சிந்தித்தல் என்று தாங்கள் எதைச் சொல்கிறீர்கள்?" எனப் பணிவோடு திருப்பிக் கேட்பது இவர்களின் முதல் அடையாளம். இவர்களை வரையறையாளர் எனலாம். 1950இல் ஆலன் டூரிங், இயந்திரம் சிந்திக்குமா என்னும் கேள்வியே பொருளற்றது என்று ஒதுக்கி, அதனிடத்தில் ஒரு விளையாட்டை வைத்துவிட்டு மேலே சென்றார். வரையறையாளரோ அவர் ஒதுக்கிய இடத்திலேயே பாய் விரித்து அமர்ந்துவிட்டார்.

இவருக்குக் கைவந்த கலை சொல்விலக்கு. சர்ச்சைக்குரிய சொல்லை இருதரப்பும் ஒதுக்கிவைத்து, அதன் பொருளை வேறு சொற்களால் விரித்துரைக்க வேண்டும் என்பதே இம்முறை. வெறும் சொல்லுக்காக மூளும் சண்டை இதனால் தீரும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் 'அறிவு' விலக்கப்பட்டதும் 'புரிதல்' என்றும், அதுவும் விலக்கப்பட்டபின் 'எண்ணம்' என்றும் படிப்படியாக இறங்கிவரும் எதிராளி, அரைமணி நேரத்தில் அறிவு, புரிதல், எண்ணம் ஆகிய மூன்றையும் இழந்து, "அது... அதைச் செய்கிறது" என்னும் நிலையை அடைகிறார். இவ்வழக்கத்துக்கு மதிப்புக்குரிய முன்னோடியும் உண்டு. நிரலின் ஒரு பகுதிக்குப் 'புரிந்துகொள்' என்று பெயரிட்டுவிட்டு, நிரல் புரிந்துகொள்வதாகவே மகிழ்ந்த ஆய்வாளரை 1976இல் அதே துறையைச் சேர்ந்த ட்ரூ மெக்டெர்மட் ஒரு கட்டுரையில் எள்ளினார்; அப்பகுதியை 'ஜி0034' என்று அழைத்துப் பார்த்து, அப்போதும் அது புரிந்துகொள்வதாகத் தமக்கே தோன்றுகிறதா என்று சோதிக்கச் சொன்னார். மெக்டெர்மட் விலக்கச் சொன்னது தம் துறையாரின் சொல்லை. வரையறையாளர் விலக்குவது எப்போதும் எதிராளியின் சொல்லை.

மரியாதையில் இவர்களை விஞ்சுவது அரிது. எதிர்த்தரப்பின் வாதத்தை நலிவாக்கிக் காட்டி வீழ்த்துவதை வைக்கோல் பொம்மை என்று இகழ்ந்து, அவ்வாதத்தை இயன்றவரை வலுவாக்கிய பின்னரே மறுக்க வேண்டும் என்று விதித்து, அவ்வாறு வலுவூட்டியதற்கு எஃகுப் பொம்மை என்று பெயரும் சூட்டியுள்ளனர். பிறர் கொள்கையை முதலில் எடுத்துரைத்துப் பின்னர் நீக்குவதையும் ஆசிரியர்க்குரிய எழுவகை நெறிகளுள் ஒன்றாக வைத்த நன்னூலார் இதைக் கண்டு வியந்திருக்க மாட்டார், எதிராளிதான் வியக்கிறார். தாம் சொன்னது எஃகாகி வெளிவரக் கேட்டு, "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்று அவர் முணுமுணுக்க, "தாங்கள் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்" என்ற விடை புன்னகையோடு வருகிறது.

வாதத்தில் தோற்றவர் தோற்றேன் என்பதில்லை, 'புதுப்பித்துக்கொண்டேன்' என்பார். புதிய சான்று கிடைத்ததும் பழைய நம்பிக்கையின் நிகழ்தகவை எவ்வளவு மாற்ற வேண்டும் என்று கணக்கிட உதவும் தாமஸ் பேய்ஸின் தேற்றம், அவர் இறந்தபின் 1763இல்தான் அச்சேறியது. உயிரோடிருந்தவரை அதை வெளியிடாத அந்தப் பாதிரியாரின் அடக்கம் மட்டும் வழித்தோன்றல்களை வந்தடையவில்லை. மூன்று மணி நேரம் வாதிட்டு, எல்லா முனையிலும் மடக்கப்பட்டவர், "70 விழுக்காட்டிலிருந்து 68க்குப் புதுப்பித்துக்கொண்டேன்" என்று நன்றி கூறி எழுவார். மனிதகுலம் இயந்திரத்தால் அழிவதற்கான வாய்ப்புக்கும் ஒவ்வொருவரிடமும் தனி எண் உண்டு. புதியவரிடம் ஊர்பேர் கேட்ட கையோடு அதுவும் கேட்கப்படும். 20 விழுக்காடு என்று சொன்னவரே, அதே மாலையில் 30 ஆண்டுத் தவணையில் வீட்டுக்கடன் விண்ணப்பம் நிரப்புவதில் முரண் எதுவும் காண்பதில்லை. எஞ்சிய 80க்கும் தங்குமிடம் வேண்டுமே.

குளிர்கால இரவொன்றில் இத்தகையோர் நால்வர் கூடியிருக்கும் அறையை எண்ணிப் பார்க்கலாம். சுவரிலுள்ள வெப்பச்சீராக்கியைக் காட்டி ஒருவர், "அறை சூடாக இருப்பதாக இது நினைத்துக்கொண்டிருக்கிறது" என்று வாய்தவறிச் சொல்லிவிடுகிறார். துறைக்குச் செயற்கை நுண்ணறிவு என்று பெயர் வைத்த ஜான் மெக்கார்த்தி, வெப்பச்சீராக்கிக்கும் நம்பிக்கைகள் உண்டெனக் கூறலாம் என்று 1979இல் எழுதியது இன்னொருவரின் நினைவுக்கு வருகிறது. 'நினைத்தல்' உடனே விலக்கப்படுகிறது. கருவியின் தரப்பு எஃகாக்கப்படுகிறது. ஒவ்வொருவராக மேலங்கியை எடுத்து அணிந்துகொள்ள, வாதம் தொடர்கிறது. அதே வீட்டில் வாடகைக்கு இருக்கும் செவிலி ஒருவர் பணி முடிந்து வந்து, சுவரருகே சென்று குமிழைத் திருகிவிட்டு உறங்கப் போகிறார். கால்மணி கழித்து, அறை சூடாகியிருப்பதற்கான வாய்ப்பு 85 விழுக்காடு என்று வரையறையாளர் அறிவிக்கிறார், மேலங்கியைக் கழற்றாமலே.