தாளமும் தடதடப்பும்

சிமெண்டு லாரிகளின் இரைச்சலுக்கே பழகிப்போன என் செவிக்கு ‘டிரம் அண்ட் பாஸ்’ சங்கீதம் ஏறுமா? எதிலிருந்து தொடங்கலாம்? — அரியலூர் வாசகர்

பாஸ் தங்கள் வாசலிலேயே ஓடுகிறது. டிரம் மட்டுமே பாக்கி. அமெரிக்காவின் வின்ஸ்டன்ஸ் குழுவினர் 1969-ல் பதிவு செய்த ‘ஆமென், பிரதர்’ என்னும் பாட்டில் ஜி. சி. கோல்மன் தனித்து வாசித்த ஏறக்குறைய 7 விநாடித் தாளத்தை வெட்டி, ஒட்டி, நிமிஷத்துக்கு 170 அடி என்னும் வேகத்துக்கு விரட்டி, லண்டன் இளைஞர்கள் தொண்ணூறுகளில் ஒரு சங்கீத சாம்ராஜ்யத்தையே நிர்மாணித்தனர். (வாசித்த மகானுபாவருக்கு ராயல்டி கிட்டாமற் போனது வேறு விஷயம்.) முதலில் கோல்டியின் ‘டைம்லெஸ்’ தொகுப்பு, அது ஜீரணமானால், தபலாவை இந்த வேகத்தோடு விவாகம் செய்துவைத்து 1999-ல் மெர்குரி பரிசு பெற்ற டால்வின் சிங்கின் ‘ஓகே’.

சத்தமாக வைத்தால் அம்மா ஏசுகிறார்களே? — சிறுவாச்சூர் வாசகி

தங்கள் ஊர் மதுரகாளியம்மனே வாரத்தில் திங்களும் வெள்ளியும்தான் நடை திறக்கிறாள். அந்த நியமத்தை ஸ்பீக்கருக்கும் விதித்துவிடுங்கள்.

அம்மாவைச் சமாதானப்படுத்த இன்னொரு வழியும் உண்டு: லண்டனில் பிறந்த ஈழத் தமிழ்ப் பாடகி மாதங்கி அருள்பிரகாசம், 2007-ல் வெளிவந்த தம் தொகுப்பில் உள்ள ‘பேர்ட் ஃப்ளூ’ பாட்டில் முழக்கியது நம் உறுமியையே; அத்தொகுப்புக்கு அவர் சூட்டியது தம் தாயாரின் பெயர். பின்னதை அம்மாவிடம் முதலில் சொல்லுங்கள்.