பிடதியா, மேட்டுப்பாளையமா?

கேள்வி: கோடை விடுமுறையில் குடும்பத்தோடு தண்ணீரில் ஆட்டம் போட வொண்டர்லாவா, பிளாக் தண்டரா? (ஃபேர்லேண்ட்ஸ் வாசகர், சேலம்)

பதில்: இந்தக் கேள்வி கிளம்பினாலே ஃபேர்லேண்ட்ஸ் வீடு இரண்டு கட்சியாகிவிடும். பிள்ளைகள் வொண்டர்லா, டீசல் போடும் அப்பா பிளாக் தண்டர். புளிசாதம் கட்டும் அம்மாவிடம் மட்டும் யாரும் ஓட்டுக் கேட்பதில்லை. வொண்டர்லாவுக்குள் அந்தப் புளிசாதமும் போகாது, வெளிச்சாப்பாட்டுக்கு அங்கே தடை.

2005-இல் திறந்த பெங்களூரு வொண்டர்லா இருப்பது ஊருக்குள் அல்ல, மைசூரு சாலையில் பிடதியில். சேலத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல். ஓசூர் தாண்டியதும் நெரிசல் வேறு. ஆனால் மீசை அரும்பும் பையனுக்கு அதுதான் சொர்க்கம். ‘ரீகாயில்’ ரோலர் கோஸ்டர் தலைகீழாகச் சுழற்றி, வந்த வழியே பின்னோக்கியும் இழுத்துவரும். அளவுகோலில் உயரம் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். குதிகாலை எக்கி நிற்கும் ஒன்றாம் வகுப்புக்காரன் அங்கேயே அழ ஆரம்பிப்பான்.

வாண்டுகள் உள்ள வீட்டுக்கு மேட்டுப்பாளையமே மேல். பவானி, அவிநாசி வழியாகப் போனால் ஊட்டி சாலையில், நீலகிரி அடிவாரத்தில் பிளாக் தண்டர். மறுநாள் தங்கினால் பல்சக்கர மலை ரயிலும் உண்டு; அதற்கு யுனெஸ்கோ பட்டியலில் இடம் கிடைத்ததும் அதே 2005-இல்தான். டிக்கெட்டை முன்பே எடுத்துவிட வேண்டும்.

எங்கே போனாலும் பருத்தி பனியன், லுங்கி வேண்டாம். நூல் பிசிறு வடிகட்டியை அடைக்கும் என்பதால் நைலான் உடைதான் கேட்பார்கள். அதைச் சேலத்திலேயே வாங்கிக்கொண்டால் அப்பா கட்சிக்குக் கொஞ்சம் மிச்சமாகும்.