கசிவே கௌரவம்

1961-இல் மதராஸில் தயாராகத் தொடங்கிய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரை மீட்டெடுப்பது தேசத் தொண்டு. நண்பர் அதில் இறங்கியிருக்கிறார். 948 சி.சி. எஞ்சினுக்குத் தேவை ஒரு ஹெட் கேஸ்கட், வால்வு மூடிக்குத் தக்கைப் பேக்கிங், இரண்டு மூன்று ஆயில் சீல்.

ஜி.பி. ரோட்டில் ஒருவர் தக்கைத் தகட்டை மூடியின் விளிம்பில் வைத்து, சுத்தியலால் தட்டியே பத்து நிமிடத்தில் வெட்டித் தருகிறேன் என்றார். என்ன அநாகரிகம்! இங்கிலாந்தில் புதிதாகவே செய்து விற்கிறார்கள். அதுவும் வேண்டாம், புதிது என்பதே அதன் குறை. அறுபது வருடம் அட்டைப்பெட்டியில் கிடந்து, அப்பளமாய் முறுகி, தொட்டால் உதிர்கிற 'ஒரிஜினல்' இருந்தால்தான் கார் கார்.

கடைசியில் புதுப்பேட்டையில் அகப்பட்டது. கொடுத்த விலைக்கு ஒரு ஸ்கூட்டர் வந்திருக்கும். இதைப் போய் எஞ்சினில் மாட்டுவார்களா? கண்ணாடிச் சட்டம் போட்டு, கூடத்தில் தாத்தா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். வாசலில் கார் ஆயில் சொட்டுகிறது. பழமைக்கு அதைவிட என்ன சான்றிதழ்?

போன வாரம் சட்டத்தை உற்றுப் பார்த்த மெக்கானிக், "சார், இது ஃபியட்டோடது" என்றார்.

நண்பர் தளரவில்லை. இப்போது ஒரு ஃபியட் தேடிக்கொண்டிருக்கிறார்.