பூனையோட பொடக்காலி

ஏனம்மிணி, போன வெள்ளிக்கெழமை உன்ற அபார்ட்மென்டுக்கு வந்தனே, அன்னைக்கு என்ற வெள்ளை வேட்டியில உன்ற பாரசீகப் பூனை சுல்தான் வெச்ச முத்திரை மூணு வெளுப்பு வெளுத்தும் இன்னும் போகலை. உங்க அமுச்சி வேட்டியை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாத்துட்டு, "ஏனுங்க, எந்த ஆபீசுல சீல் வாங்கீட்டு வந்தீங்க?"ன்னு கேக்கறா. "பாரசீகத்துச் சீலு புள்ளே, லேசுல கெடைக்காது"ன்னு சொல்லி வெச்சிருக்கறேன்.

உன்னையக் குத்தம் சொல்ல முடியுமா? சுல்தானுக்கு மூஞ்சிக்கொரு சீப்பு, மீசைக்கொரு சீப்பு, கழுத்துக்கு வெல்வெட்டுப் பட்டை. போன்ல நீ காட்டுன போட்டோ முந்நூறு இருக்கும். அத்தனையும் மொகம்! வாலுக்குக் கீழ என்ன நடக்குதுன்னு ஒரு போட்டோ கூடக் காணோம். வாசல்ல கம்பிக்கோலம் போட்டுட்டு, பொடக்காலியில எச்சத்தண்ணியைத் தேங்க உட்ட ஊடாட்ட இருக்குது.

உன்ற மாமன் படிச்சுச் சொன்னான். 1871-ல லண்டன்ல கிரிஸ்டல் பேலஸ்ங்கற எடத்துல பூனைக்கெல்லாம் கண்காட்சி வெச்சாங்களாம். அதுக்குப் பாரசீகப் பூனையும் வந்துச்சாம். பரிசு குடுத்த தொரையில ஒருத்தனாவது வாலைத் தூக்கிப் பாத்திருப்பானா? அன்னையிலிருந்து மூஞ்சியவே பாத்துப் பாத்து வளத்தி, மூக்கு உள்ள போயி, மொகம் தோசைக்கல்லாட்ட ஆயிப்போச்சு. நம்மூரு எலி புடிக்கற பூனை ஒத்தக் காலைத் தூக்கி, வீணை வாசிக்கறாப்பல உக்காந்து சுத்தம் பண்ணிக்கும். அது நாக்கு முச்சூடும் உள்பக்கமா வளைஞ்ச முள்ளு, தேங்காத் துருவியாட்ட. குட்டை மசுருக்கு அதே போதும். உன்ற சுல்தானுக்குத் தட்டை மூஞ்சி, தொடைக்குப் பின்னால பைஜாமா போட்டாப்பல மசுரு, அது மேல ஏழு கிலோ ஒடம்பு. பாவம், அதுக்கு அங்க சரியா எட்டாது. எட்டாத எடத்துக்கு நீதான் கை குடுக்கோணும்.

ஆனா மொதல்ல வாயைக் கவனி. காலையில ஒரு டம்ளர் பால் ஊத்தறயல்ல, பூனைன்னா பாலுன்னு உனக்கு ஆரு சொன்னா? நாங்கதான் சொல்லிக் குடுத்தோம், அது வேற பழமை. குட்டியில தாய்ப்பால் செரிக்கும். வளந்த பூனையில பலதுக்குப் பால்ல இருக்கற சக்கரை செரிக்காது, வயிறு எளகிரும். கெட்டியாப் போனா மசுருல ஒட்டாம உழுந்துரும், எளகிப் போனாத்தான் அப்பிக்கும். பாலை நிறுத்து. தீனியை மாத்தறதுன்னா ஒரு வாரம் பழசோட கலந்து கலந்து மாத்து. ரெண்டு நாள்ல எளக்கம் நிக்காட்டி டாக்டர்கிட்ட தூக்கீட்டுப் போ. ஏழு கிலோவையும் சித்தெ எறக்கு.

அப்பறம் மசுரு. நாங்க குறும்பாட்டுக்கு மசுரு கத்தரிக்கறப்ப மொதல்ல வாலடியைத்தான் பாப்போம். அங்க அழுக்கு அப்பிக் கெடந்தா ஈ வந்து முட்டை வெக்கும், ஒரு நாளைக்குள்ள புழுவாயிரும். பூனைக்கும் அதே கதைதான். லிஃப்டுல ஈ ஏறாதுன்னு நெனச்சிராத, நீ ஏறுன லிஃப்டுலயே அதும் ஏறும். புழு கண்ணுல பட்டா கை வைத்தியம் பாத்துட்டு இருக்காத, அன்னைக்கே டாக்டர்.

கத்திரிக்கோலை மட்டும் ஒளிச்சு வெச்சுரு. பூனைத்தோலு வெத்தலையாட்ட. சடை புடிச்ச எடத்துல தோலும் சேந்து மேல எழும்பி நிக்கும். சடையை வெட்டறோம்னு தோலை வெட்டிப்போட்டு, ரத்தத்தைப் பாத்தொடனே நீ அழுவே. சத்தம் கம்மியான டிரிம்மர் ஒண்ணு தனியா வாங்கு. மாப்பிள்ளையோட தாடி டிரிம்மர்ல வேலையை முடிச்சுட்டு இருந்த எடத்துலயே வெச்சுராத! பூனைக்கு ஒண்ணும் ஆகாது, மாப்பிள்ளையை நெனச்சாத்தான்...

ஒருத்தர் துண்டைச் சுத்தி முன்பக்கத்தைப் புடிச்சுக்கோணும். இன்னொருத்தர் வாலை மெதுவாத் தூக்கி, சுத்தியும் ரெண்டு விரக்கடைக்கு மசுரை எடுக்கோணும். மழிக்க வேண்டாம், குட்டையா இருந்தாப் போதும். பைஜாமா மசுரையும் கொஞ்சம் கொறை. சடையை எடுக்கறதுக்கு முன்னால தண்ணி ஊத்தீராத, கம்பளி நனைஞ்சாப்பல இன்னும் இறுகிக்கும். காஞ்சு ஒட்டுனதுன்னா கார்ன்ஃபிளவர் மாவைத் தூவி, சீப்புல சித்தெ சித்தெயா உதுத்து எடு. அதுக்கும் மசியலீன்னா வெதுவெதுப்பான தண்ணியில பின்பக்கத்தை மட்டும் கழுவி, ஈரமில்லாமத் தொவட்டு. பினாயிலு, புண்ணு கழுவற கிருமிநாசினி, டீ ட்ரீ எண்ணெய், ஒண்ணையும் தொடாத. அதுல பலதை முறிக்கறதுக்குப் பூனையோட ஈரலுக்கு சக்தி பத்தாது. கழுவுன எடத்தை அது நக்கவும் செய்யும்.

கையோட கண்ணையும் வேலை வாங்கு. வாலடியில அரிசியாட்ட ஏதாச்சும் ஒட்டியிருந்தா அது சோறில்லை, நாடாப்புழுவோட துண்டு. தெள்ளுப்பூச்சியைக் கடிச்சு முழுங்கறதுல வர்றது. பூச்சி மருந்து குடுத்தாப் பத்தாது, தெள்ளையும் ஒழிக்கோணும். குண்டியைத் தரையில தேச்சுட்டுப் போனா டான்ஸுன்னு வீடியோ எடுக்காத. ஆசனவாய்க்கு ரெண்டு பக்கமும், கடியாரத்துல 4-ம் 8-ம் இருக்கற எடத்துல, சின்னச் சின்னப் பை இருக்குது. அது அடைச்சிருக்கலாம். நீயே பிதுக்கிப் பாக்காத, அந்த வாசத்துக்கு மாப்பிள்ளை ஊட்டை உட்டே போயிருவான்.

இனிச் சொல்றதுல நையாண்டி இல்லை அம்மிணி. சுல்தான் ஆம்பளைப் பூனை. மண்ணு டப்பாவுல போயி முக்கி முக்கிப் பாத்தும் மூத்திரம் சொட்டுக்கூட வரலீன்னா, மலச்சிக்கல்னு காத்துட்டு இருக்காத. மூத்திரக்கொழா அடைச்சிருக்கும். ரெண்டு நாள்ல உசுரே போயிரலாம். நடுராத்திரியானாலும் தூக்கீட்டு ஓடு.

வர்ற ஞாயித்துக்கெழமை ஒறம்பரையா நானும் உங்க அமுச்சியும் வர்றோம். அதே வெள்ளை வேட்டிதான். சுல்தானோட வாலைத் தூக்கிப் பாத்துட்டுத்தான் காப்பி குடிப்பேன்.