பேட்டாவியல்: லாரி ஓட்டுநரின் சுகபோகங்கள் குறித்து ஓர் ஆய்வு

கை நிறைய பேட்டா வாங்கிக்கொண்டு, சாப்பிட்டுத் தூங்கிச் சுகமாக ஊர் சுற்றுகிறவரே நெடுந்தூர லாரி ஓட்டுநர் என்பது முதலாளிகளிடையே ஆழ வேரூன்றிய கொள்கை. நாமக்கல்லில் லோடு ஏற்றி, 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் நாக்பூர் வரை போகிறவரை எடுத்துக்கொண்டு, அவர் சுகங்களை இவ்வாய்வு ஐந்தாகப் பகுக்கும்: டீ, சாப்பாடு, குளியல், தூக்கம், எலுமிச்சம்பழம். இவற்றுள் ஒன்றுகூட ஓட்டுநரின் சுகம் அன்று; அத்தனையும் லாரியின் பராமரிப்புச் செலவே, பற்று மட்டும் ஓட்டுநர் பெயரில் எழுதப்படுகிறது என்பது நம் துணிபு. அறிஞர் உலகம் இத்துறையைத் தீண்டாமல் விட்டதில் வியப்பில்லை. கருத்தரங்குக்குப் போகிறவருக்கும் பயணப்படி, தினப்படி எல்லாம் உண்டு. அது உட்கார்ந்தபடி தூங்குவதற்குத் தரப்படுகிறது. பேட்டா தூங்காமல் இருப்பதற்குத் தரப்படுகிறது. ஒப்பாய்வு செய்யப் புகுந்தால் எந்தப் படி முதலில் வெட்டுப்படும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

பிரேக் லைனிங் தேய்ந்தால் முதலாளி மாற்றித் தருகிறார். அந்தப் பிரேக்கை மிதிக்க வேண்டியவரின் கண் இரவு இரண்டு மணிக்குச் செருகும்போது அதைத் திறந்து வைக்கும் ஸ்ட்ராங் டீயோ பேட்டாவில் சேர்கிறது (டீக்கடைப் பற்று நோட்டு, பக்கம் கிழிந்தது). சாப்பாடும் அப்படியே. வண்டியின் பக்கவாட்டுப் பெட்டியில் ஸ்டவ், குக்கர், அரிசி, புளி எல்லாம் பயணம் செய்கின்றன. லோடு இறக்க வரிசையில் கிடக்கும்போது லாரி நிழலிலேயே தக்காளி சாதம் தயாராவதால், வண்டியைக் காவலின்றி விட்டு யாரும் ஓட்டல் தேடிப் போக வேண்டியதில்லை. குளியல்: வகை உண்டு, வாய்ப்பு அரிது. சவரம்: சான்று கிடைக்கவில்லை. தூக்கம் என்று சொல்லப்படுவதும் ஆய்வுக்குரியது. தாபாவின் கயிற்றுக்கட்டில் இலவசம்தான், அதன் வாடகை பருப்புக் கிண்ணத்தின் விலைக்குள் இருக்கிறது. அதில் படுத்தவர் ஒரு காதை டீசல் டேங்க் பக்கமும் மறுகாதைத் தார்ப்பாய்க் கயிற்றின் பக்கமும் வைத்திருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு பார்க்கும் இந்தக் காவல் வேலைக்குத் தனிச் சம்பளம் இல்லை.

இனி, ஆய்வின் உயிர்நிலையான எலுமிச்சம்பழம். முன்பம்பரில் மிளகாயோடு கோத்துத் தொங்கும் இதன் செலவு யாரைச் சேரும் என்பதில் மூன்று மரபுகள் மோதுகின்றன. நம்பிக்கை உன்னுடையது, ஆகவே காசும் உன்னுடையது என்பது முதலாளி மரபு (அலுவலக மேசைக்கண்ணாடிக்கு அடியிலுள்ள சீட்டு, வெற்றிலைக்கறைப் பிரதி). திருஷ்டி படுவது வண்டிமேல், வண்டி யாருடையது என்று மடக்குவது ஓட்டுநர் மரபு (பின்பலகைச் சாசனம், இடப்பக்கம், வரி 3, சேறு தெறித்த பாடபேதம் காண்க). மோட்டார் வாகனச் சட்டம், 1988 கட்டாயமாக்கும் மூன்றாம் தரப்புக் காப்பீட்டுக்குப் பிரீமியம் கட்டுகிறவர், விபத்துக்கு முன்பே வேலை செய்யும் இந்தக் காப்பீட்டுக்கும் கட்டுவதே முறை என இம்மரபினர் நூலாதாரம் காட்டுவர். மூன்றாவதான கிளீனர் மரபோ நுட்பமானது: பழம் வண்டிச் செலவு, மிளகாய் சமையல் செலவு, ஏனெனில் வாடாத மிளகாய் இரவே ரசத்துக்குத் திரும்பிவிடுகிறது (கிளீனர் உரை, ஓட்டுநரின் மறுப்புரையும் முதலாளியின் வசைக்குறிப்பும் சேர்ந்தது, பஞ்சர் கடைப் பதிப்பு, கடைசி நான்கு பக்கங்களில் பஜ்ஜி மடிக்கப்பட்டதால் முடிவுரை எண்ணெயில் மட்டுமே எஞ்சியுள்ளது).

ஆட்சேபிப்போர் இரண்டு சொல்வர். ஒன்று, சட்டம் காத்ததே என்பது. 2025 வரை நடப்பிலிருந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961 நாளுக்கு 8 மணி நேர வேலை என்றது; நெடுந்தூரத் தடங்களில் அனுமதி பெற்றால் 10 வரை போக விட்டது. ஆனால் 5 பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருந்த நிறுவனத்துக்குள் அது தானாக நுழைந்ததில்லை. ஒற்றை லாரி முதலாளியிடம் ஓட்டுநரும் கிளீனரும் சேர்ந்து இரண்டு பேர். எலுமிச்சம்பழத்தைச் சேர்த்தாலும் மூன்று. மற்றொன்று, 2025 அக்டோபர் முதல் தயாராகும் கனரக லாரிகளின் கேபினுக்கு ஏசி கட்டாயமாகிவிட்டதே என்பது. நல்லதுதான். ஆனால் ஏசி டீசல் குடிக்கும். மைலேஜ் இறங்கினால் கேள்வி ஓட்டுநரிடம் வரும். அப்போது குளிர்ந்த காற்றும் பேட்டாவை நோக்கியே வீசும்.

மாற்ற முடியாத ஏற்பாடா இது? ஒரு காலத்தில் டோல் காசும் ஓட்டுநரின் சட்டைப்பையில்தான் போனது. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானதும் கண்ணாடியில் ஒட்டிய ஒரு வில்லை அதை வண்டிக் கணக்குக்கு மாற்றிவிட்டது. அதே வில்லையை டீக்கிளாசுக்கும் ஒட்டலாம் என்பதே நம் பரிந்துரை. எலுமிச்சம்பழத்துக்கு ஒட்டுவது குறித்து விவாதிக்கத் தனிக் கருத்தரங்கு தேவை. வருகிற அறிஞர்களுக்குத் தினப்படி உண்டு, ரசீது வேண்டியதில்லை.